ஒரு சாண் தள்ளி நின்ற அம்பு

பெருமாயன் விட்ட அம்பு புள்ளிமானின் விலாவுக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றுவிட்டது என்ற சேதி மருதங்கரட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, அவன் பெண்டாட்டி சீனியம்மாள் வாசற்படிக்கு உட்பக்கமாக உட்கார்ந்து, பால் கட்டிய மாரில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பால் வற்றுவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் வைத்தியம். இரண்டு வயதாகியும் மாரை விடாத மகள் ஓவியாவை, வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்த அந்தப் பிடிவாதக்காரியை, முந்தின நாள்தான் வாகைக்குளத்தில் இருக்கும் அக்கா அழகுமணி வீட்டுக்குப் பால் மறக்க அனுப்பியிருந்தாள். கோயில் வேட்டை முடியட்டும், ஒரு வாரம் போகட்டும், போய்க் கூட்டி வந்துவிடலாம் என்பது அவள் எண்ணம். சேதி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் குருவம்மா, "உம் புருசன் அம்பு இன்னும் போய்ச் சேரலையாம்டி, நடுவுல நிக்குதாம்" என்று பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். சீனியம்மாளும், அப்படியானால் இன்றைக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மருதங்கரட்டின் கோயில் வேட்டை மாசி மாதத்தில் நடப்பது. முன்பெல்லாம் நிஜமாகவே கரட்டுக் காட்டுக்குள் போய் மான் அடித்து, தோளில் காவடிபோல் கட்டித் தூக்கி வந்து, வீட்டுக்கு வீடு பங்கு வைத்திருக்கிறார்கள். வனத்துறையின் கெடுபிடி வந்த பிறகு மூங்கில் வில்லும் வேல்கம்பும் வளரியும் பரணுக்குப் போய்விட்டன. வருசத்துக்கு ஒருநாள் அவற்றை இறக்கி, தூசி தட்டி, எண்ணெய் போட்டு, கரட்டடியில் கம்பு நட்டு அதன்மேல் ஒரு பூசணிக்காயை வைத்து, அதை மான் என்று பேர் சொல்லி எய்துவிட்டு, சந்தையில் வாங்கிய ஆட்டுக்கறியை மான்கறி என்று பேர் சொல்லிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆண்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பூசணிக்காய் கிடைத்தது. பெண்களுக்கான விதிக்கு மட்டும் யாரும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

அந்த விதி என்னவென்றால், வேட்டைக்காரன் வில்லில் நாண் ஏற்றியதிலிருந்து அதை இறக்கும்வரை அவன் பெண்டாட்டி வாசற்படி தாண்டக் கூடாது, தலை சீவக் கூடாது, அடுப்பை அணைய விடக் கூடாது. வெளியாள் யாரும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் வேட்டை முடியும்வரை அவர்களும் வெளியே போகக் கூடாது. அவனும் தன் வீட்டுப் படி ஏறக் கூடாது. இதில் எது தப்பினாலும் அம்பு எய்தவனைத் தேடித் திரும்பும். அரை நாள் விதிதான். வருசம் பூராவும் களையெடுத்து, சாணி அள்ளி, செங்கல் சுமந்த பெண்கள் அந்த அரை நாளை ஓய்வு என்று எடுத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து டிவியில் பழைய படம் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மேளச் சத்தம் கேட்கும். வில்லின் நாணை இறக்குவார்கள். எல்லோரும் எழுந்து குழம்பு வைக்கப் போவார்கள்.

இந்த மாசியில் நடந்தது இதுதான். பூசணிக்காயைத் தின்பதற்கு நிஜ மான் ஒன்று வந்துவிட்டது. ராசுவின் கடலைக்காட்டு வழியாக அது சாவகாசமாக நடந்து வந்து, வில்லோடு நின்ற அத்தனை ஆம்பிளைகளையும் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பூசணிக்காயில் வாய் வைத்தபோது, மற்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற பெருமாயன், அதுவரை எந்த வேட்டையிலும் பூசணிக்காயைக்கூடத் தொடாத பெருமாயன், நாணை இழுத்து விட்டுவிட்டான். அம்பு நேராகப் போனது, அழகாகப் போனது, மானுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. மான் தலையைத் தூக்கி அதைப் பார்த்தது, பிறகு மறுபடி தின்னத் தொடங்கியது. மான் நகர்ந்தால் அம்பும் நகர்ந்தது. மான் படுத்தால் அம்பும் தாழ்ந்து அதே ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஊர்த் தலைவர் அம்பலகாரர் சோலையப்பன் வந்து சுற்றிப் பார்த்தார். அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு இருந்த கேள்வி வேறு. வேட்டை முடிந்ததா இல்லையா, கறியைப் பங்கு வைக்கலாமா கூடாதா? அம்பலகாரர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, அம்பு பட்டால் வேட்டை முடிந்தது, தவறினாலும் முடிந்தது, இது படவும் இல்லை தவறவும் இல்லை, ஆகவே மற்றவர்கள் நாணை இறக்கலாம், பெருமாயனின் வேட்டை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். ஊரில் எல்லாப் பெண்களும் எழுந்து குழம்பு வைக்கப் போனார்கள். சீனியம்மாள் மட்டும் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. அம்பு குறி தப்பிய வேட்டைக்காரன் வில்லைத் தரையில் போட்டு, ஊர் கேட்க "அம்பு தவறிப்போச்சு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவன் வேட்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்படிச் சொன்னவன் அடுத்த வருசம் வில் எடுக்காமல் கடைசியில் சுமை தூக்கி வர வேண்டும், பங்கில் எலும்புதான் கிடைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தண்டனை. பெருமாயன் சொல்லவில்லை. அம்புதான் தவறவில்லையே என்றான். முதல் நாள் அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது, சீனியம்மாளுக்கே அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பங்குனியில் ஊர் அம்புக்குப் பழகிவிட்டது. வனத்துறையிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி மானைச் சுற்றி வந்து காயத்தைத் தேடினார். காயம் இல்லாததால் வழக்கும் இல்லை. அம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. யானை இழுத்தாலும் அசையாது என்று ராசு பெருமையோடு சொன்னான். மானை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு அவர் போனார். டிவிக்காரர்கள் வந்தார்கள், நகராத அம்பை எவ்வளவு நேரம்தான் காட்டுவது என்று அவர்களும் போனார்கள். ஆனால் ஜனங்கள் போகவில்லை. மான் தன் கடலையைத் தின்றுவிட்டது என்று முதலில் கத்திக்கொண்டிருந்த ராசு, வரப்போரத்தில் வடைக்கடை போட்டபிறகு வாயே திறக்கவில்லை. கரும்புச்சாறு வந்தது, ஐஸ் பெட்டி வந்தது, பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் வில் விற்பவன் வந்தான். மினிபஸ் அங்கே நின்றுபோகத் தொடங்கி, நடத்துனர் அந்த இடத்துக்கு 'அம்படி' என்று பேர் வைத்து, எல்லோரும் அப்படியே டிக்கெட் கேட்டார்கள். கல்யாணம் ஆனவர்கள் மாலையோடு வந்து அம்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், மான் அந்த மாலையைத் தின்றது.

பெருமாயன் பனைமரத்தடியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். நாண் ஏற்றிய வில் மடியில் இருந்தது. மூட்டை தூக்கிய நாளில் அவனை ஏடா என்று கூப்பிட்டவர்கள் இப்போது வாங்க என்றார்கள். எய்த கதையை அவன் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல மான் பெரிதாகிக்கொண்டும் தூரம் கூடிக்கொண்டும் போனது.

இங்கே வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கக்கூஸ் கொல்லைச் சுவருக்குள்ளேயே இருந்ததால் அந்த மானம் தப்பியது. அரிசி பருப்பைக் குருவம்மா முறத்தில் வைத்துப் படிக்கு மேலாக நீட்டினாள், தண்ணீருக்கு ஜன்னல் வழியாக ஒரு பச்சைக் குழாயை விட்டிருந்தார்கள். பால் வற்றியது. முதலில் மார் கல்லாகக் கனத்து, பிறகு நனைந்து நனைந்து ரவிக்கையெல்லாம் புளித்த வாடை அடித்து, ஒருநாள் காலையில் ஒன்றுமில்லாமல் போனபோது சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீடியோ காலில் அழகுமணி பிள்ளையைக் காட்டினாள். பிள்ளை முதலில் போனை நக்கியது, பிறகு போனைப் பார்த்துச் சிரித்தது, பிறகு போனில் பாட்டுப் போடச் சொல்லி அழுதது. அம்மா எங்கே என்று கேட்கிறாளா என்று சீனியம்மாள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கேட்கிறாள், கேட்கிறாள் என்று அக்கா சொன்னாள்.

வைகாசியில் அழகுமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழகுமணிக்குப் பிள்ளை கிடையாது. ஊர் ஊராக வைத்தியம் பார்த்து அலுத்துப்போனவள். வாசலில் நின்ற பிள்ளைக்குப் புதுக் கவுன், புதுக் கொலுசு, தலையில் இரட்டைக் குடுமி. சீனியம்மாள் படிக்கு உள்ளே மண்டியிட்டு இரண்டு கையையும் வெளியே நீட்டினாள். சிக்குப் பிடித்து முகத்தில் விழுந்த முடியும் புகையில் சிவந்த கண்ணுமாக ஓர் உருவம் தன்னை நோக்கிக் கையை நீட்டுவதைப் பார்த்த ஓவியா, பெரியம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உள்ள விட்டுரவாடி?" என்று அழகுமணி கேட்டாள். கேட்கும்போதே பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சீனியம்மாள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். ஒரே அறை, அணையாத அடுப்பு, கரி படிந்த சுவர், பச்சைக் குழாய் வரும் ஒற்றை ஜன்னல். உள்ளே வந்தால் பிள்ளையும் வெளியே போக முடியாது. இந்தப் புகையில் அது இருமிக் கொண்டிருப்பதையும், வெளியே மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாய் திறந்து சொல்லியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். ஓவியா பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "அம்மா வா, வீட்டுக்குப் போலாம்" என்று அழகுமணியின் விரலைப் பிடித்து இழுத்தாள். அழகுமணி முகம் வெளுத்துப்போய், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சீனியம்மாள் ஆத்திரத்தில் சீப்பை எடுத்துத் தலையில் ஓர் இழுப்பு இழுத்தாள். கரட்டடியில் அம்பின் முனை மானைவிட்டு ஒரு நெல்மணி அளவுக்குப் பெருமாயன் பக்கம் திரும்பியது. வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஊர் ஓடிவந்தது, அம்பலகாரர் வாசலில் நின்று, புருசன் உயிரை வைத்து விளையாடாதே தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டார், சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் முறத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஊரின் பார்வை அவள்மேல் விழுந்துவிட்டது. ஒருத்தி படியிறங்காமல் இருப்பதால்தான் அத்தனையும் அந்தரத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அம்பைப் பார்க்க வந்தவர்கள் அவளையும் பார்க்க வந்தார்கள். படியில் மஞ்சள் பூசினார்கள், கண்ணாடி வளையலைக் கொட்டினார்கள், சடை விழுந்த அவள் தலைமுடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாசப்படி ஆத்தா என்று பேர் வந்தது. பிள்ளைவரம் வேண்டி வந்தவர்கள் தொட்டிலைக் கொண்டுவந்து அவள் வீட்டு வேம்பில் கட்டியபோது, சீனியம்மாள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆவணியில் பெருமாயன் வில்லோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றான். வெள்ளை வேட்டி, நல்ல சாப்பாடு சாப்பிட்ட முகம். அவள்தான் குருவம்மாவிடம் சொல்லி வரச்சொல்லியிருந்தாள்.

"ரெண்டு வார்த்தை மாமா. சொல்லிட்டா நான் போயி பிள்ளையக் கூட்டியாந்துருவேன்."

"அம்பு தவறலையே சீனி. தவறாததத் தவறிப்போச்சுன்னு எப்படிச் சொல்ல?"

"உங்களுக்கே தெரியும், அது படப்போறதும் இல்ல."

அவன் வில்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "சொன்னா அடுத்த வருசம் நான் கடைசியா நின்னு சுமை தூக்கணும். தூக்குனது போதாதா? என்னைய இப்பத்தான் நாலு பேரு நிமிந்து பாக்குறான். கொஞ்சம் பொறுத்துக்கடி. பிள்ளை எங்க போயிரப் போவுது, உங்க அக்கா வீட்டுலதான இருக்கு."

அவன்மேல் அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தோளில் களிம்பு தேய்த்துவிட்டவள் அவள். இந்தப் படியைத் தாண்டி ஒரு காலை வைத்தால் அந்தத் தோளில் அம்பு இறங்கும் என்று நினைக்கும்போது அந்தக் கால் தானாக உள்ளே வந்துவிடும். இப்படியே ஆவணி போனது, புரட்டாசி போனது, மான் கொழுத்தது.

ஐப்பசியில் வாசலில் இரும்புக் கதவு போடக் கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, தெரியாமல் யாராவது உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்பலகாரர் அக்கறையாகத்தான் சொன்னார். நல்ல கனமான கம்பி, பூவேலை எல்லாம் செய்தது, ஊரே காசு போட்டு வாங்கியது. கொத்தனார் படியின் இரண்டு பக்கமும் அளவெடுத்து, குழி தோண்டி, நாளைக்கு வந்து நிறுத்தி சிமெண்டு போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பகலில் சீனியம்மாள் அக்காவுக்குப் போன் போட்டாள். பிள்ளை அம்மா எங்கே என்று கேட்கிறாளா என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"இல்லடி" என்றாள் அழகுமணி. "இப்பக் கேக்குறதில்ல."

சீனியம்மாள் போனை வைத்துவிட்டுக் குருவம்மாவைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்குத் தான் போகப்போவதாகவும், அதற்குள் பெருமாயன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் சேதி சொல்லி அனுப்பினாள். கரட்டடியில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். புருசனைக் கொல்லத் துணிகிற பொம்பளை நம் ஊரில் பிறக்கவில்லை என்று அம்பலகாரர் சொன்னதற்குப் பெருமாயனும் தலையாட்டினான்.

விடிந்ததும் அவள் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகை எழும்பி வீட்டை மறைத்தது. சீப்பு இல்லாததால் விரலாலேயே சிக்கைப் பிய்த்துப் பிய்த்து வாரி, கொண்டை போட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். பெருமாயன் பேரைச் சொல்லி, கல்யாணமான புதிதில் அவனைக் கூப்பிட்ட செல்லப்பேரையும் சொல்லி, வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே படியைத் தாண்டினாள்.

வாசலில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. ஆனால் அவளைப் பிடித்து நிறுத்த ஒருவராலும் முடியவில்லை; வாசப்படி ஆத்தாவை யாரும் தொடக் கூடாது என்று அவர்களேதான் சட்டம் வைத்திருந்தார்கள். குறுக்கே விழுந்து கும்பிட்டார்கள். அவள் ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒரே அறைக்குள் நடந்து பழகிய கால் கல்லிலும் மேட்டிலும் தடுக்கியது. அம்படியில்தான் பஸ் நிற்கும், ஆகவே கரட்டடி வழியாகத்தான் அவள் போக வேண்டியிருந்தது.

அங்கே அம்பு திரும்பிவிட்டிருந்தது. மானை விட்டு, மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் மாட்டின் நடையில், அவசரமில்லாமல் அது பெருமாயனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் பனைமரத்துக்குப் பின்னால் போனான், அம்பு மரத்தைச் சுற்றியது. அவன் வடைக்கடைக்குப் பின்னால் போனான், அம்பும் கடையைச் சுற்றியது. சீனியம்மாள் வரப்பில் நின்றுவிட்டாள். கண்ணை மூட வேண்டும் என்று நினைத்தாள், மூட வரவில்லை. திரும்பி ஓடிவிடு, படியேறிவிடு என்று கால் சொன்னது.

அம்பு பாதித் தூரம்கூட வரவில்லை. பெருமாயன் வில்லை வீசி எறிந்தான்.

"அம்பு தவறிப்போச்சு" என்று கத்தினான். அம்பலகாரரைப் பார்த்துச் சொன்னான், ராசுவைப் பார்த்துச் சொன்னான், ஐஸ்காரனைப் பார்த்தும் சொன்னான். "தவறிப்போச்சுப்பா, அம்பு தவறிப்போச்சு."

அம்பு ஒரு மூங்கில் குச்சியாகக் கடலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்தது. மான் காதை ஒருதரம் உதறிவிட்டுக் கரட்டில் ஏறிப் போய்விட்டது. ஐஸ்காரன் பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

சீனியம்மாள் அங்கேயே நின்றாள். மாசியிலிருந்து ஐப்பசிவரை ஒருத்தியின் பாலும் பிள்ளையும் தலைமுடியும் கேட்டும் வாயில் வராத இரண்டு வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்பதை அவள் பார்த்தாள். அவன் செத்திருந்தால் வாழ்நாள் முழுக்க அழுதிருப்பாள். இப்போது அவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. முடிந்துபோச்சு சீனி, வா வீட்டுக்குப் போகலாம் என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டான். மினிபஸ் வந்தது. அவள் ஏறி, வாகைக்குளத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.

அழகுமணி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். காலைக் கட்டிக்கொண்டிருந்த ஓவியாவைத் தூக்கி, இதோ பார், அம்மா வந்திருக்கிறாள் என்றாள். பிள்ளை சீனியம்மாளைப் பார்க்கவில்லை. அழகுமணியின் முகத்தைப் பார்த்து, "அம்மா இங்க இருக்கு" என்று அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டியது.

உள்ளே வாடி என்று அக்கா கூப்பிட்டும் சீனியம்மாள் போகவில்லை. வெளியே கிடந்த துணிதுவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். கையை நீட்டவும் இல்லை, ஒருதரம் நீட்டிப் பார்த்துவிட்டாள் அல்லவா. வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள் போல. ஓவியா உள்ளே போய் ஒரு தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, பாதியைக் கவுனில் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து எட்ட நின்று நீட்டினாள். சீனியம்மாள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிள்ளை காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு அழகுமணியிடம் ஓடியது.

"இந்த அத்தை எப்பம்மா போகும்?"

அழகுமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நான் போகமாட்டேன் தாயி" என்றாள் சீனியம்மாள், பிள்ளை பயந்துவிடாதபடி மெதுவாக. "இனிமே எங்கயும் போகமாட்டேன்."

அதைக் கேட்டு ஓவியா அழத் தொடங்கினாள்.